நெட்வொர்க் ஸ்டோரேஜில் கோப்பு லாக்குகளைக் கண்காணிப்பது: வேகம் கெடாமல் எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். என்எஃப்எஸ், எஸ்எம்பி என்ற இரண்டு கோப்புப் பகிர்வு நெறிமுறைகளிலும் சில நூறு கிளையன்ட்கள் தொங்கும் ஒரு ஸ்டோரேஜ். எந்தக் கோப்பின் லாக் (ஒரே நேரத்தில் பலர் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு) யாரிடம் இருக்கிறது, யார் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, ஐந்து விநாடிக்கு ஒருமுறை முழு லாக் பட்டியலையும் இழுக்கும் ஒரு ஸ்கிரிப்ட். அது ஓட ஆரம்பித்ததிலிருந்து ஸ்டோரேஜே மந்தம். வேகம் கெடாமல் கண்காணிக்க வழி உண்டா?

உண்டு. முதல் வேலை அந்த ஸ்கிரிப்டை நிறுத்துவது. ஐந்து விநாடியை முப்பதாக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். அதனால் வலி குறையும், நோய் அப்படியே இருக்கும். அந்த ஸ்கிரிப்ட் இரண்டு வேறு கேள்விகளை ஒரே பட்டியலிடம் கேட்கிறது. லாக் போட்டி இப்போது எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பது ஒன்று. இதை நாள் முழுக்கக் கேட்கலாம், ஏனென்றால் விடை ஏற்கெனவே கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எண்ணிக்கைகளாகக் கிடக்கிறது, படிக்க ஏறக்குறைய செலவே கிடையாது. இந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருப்பது யார் என்பது இன்னொன்று. இதைப் பிரச்சினை தலைகாட்டிய பிறகு, ஒரு கோப்புக்கோ ஒரு கிளையன்டுக்கோ மட்டும் கேட்டால் போதும்.

பட்டியலைப் படிப்பதில் அப்படி என்ன சுமை என்று தோன்றலாம். லினக்ஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் போவது /ப்ராக்/லாக்ஸ் கோப்புக்கு. பார்க்க அப்பாவியான ஒரு டெக்ஸ்ட் கோப்பு. உள்ளே நடப்பது வேறு. கெர்னல் ஒவ்வொரு சிபியூவுக்கும் தனித்தனி லாக் பட்டியல் வைத்திருக்கிறது. அவற்றின் வழியே நடக்கும்போது யாரும் நடுவில் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, பொதுவான ஒரு ரீட்-ரைட் செமஃபோரை (ரீட் முறையில் பலர் சேர்ந்தும், ரைட் முறையில் ஒருவர் மட்டுமே தனியாகவும் பிடிக்கக்கூடிய உள் பூட்டு) ரைட் முறையில் பிடிக்கிறது. சாதாரணமாக லாக் எடுப்பதும் விடுவதும் அதே செமஃபோரை ரீட் முறையில் பிடிப்பவை. அந்த ரீட் பாதை இலகுவாக ஓட வேண்டும் என்பதற்காகவே ரைட் பாதையின் சுமையைக் கூட்டி வடிவமைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் அந்தக் கோப்பைப் படிக்கும் நேரத்தில் அந்த மெஷினில் வேறு யாராலும் லாக் எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. என்எஃப்எஸ் மட்டுமல்ல, உள்ளூர் டிஸ்க்கில் ஓடும் டேட்டாபேஸும் சேர்ந்தே நிற்கும்.

சில நூறு லாக்குகள் இருந்தால் இது யார் கண்ணிலும் படாது. லட்சத்தைத் தொடும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கெர்னல் பட்டியலைத் துண்டு துண்டாகத்தான் கொடுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் செமஃபோரை விட்டு மறுபடி பிடித்து, பட்டியலின் ஆரம்பத்திலிருந்து விட்ட இடம்வரை மறுபடி நடந்து வர வேண்டும். அதனால் லாக்குகள் இரண்டு மடங்கானால் வேலை இரண்டு மடங்கோடு நிற்காது. அவ்வளவு கொடுத்தும் கிடைப்பது ஒரே கணத்தின் படமா என்றால் அதுவும் இல்லை. துண்டுகளுக்கு நடுவே பட்டியல் மாறியிருக்கும். ஒரு லாக் இரண்டு முறை வரலாம், ஒன்று விட்டும் போகலாம்.

இதைவிடக் கொடுமை, ஐனோடு எண்ணை (டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள உள் அடையாள எண்) கோப்புப் பெயராக மாற்றும் ஆசை. பட்டியலில் டிவைஸ் எண்ணும் ஐனோடு எண்ணும்தான் இருக்கும். எல்எஸ்லாக்ஸ் கட்டளை லாக் வைத்திருக்கும் ப்ராசஸின் திறந்த கோப்புகளைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடிக்க முயலும். ஆனால் என்எஃப்எஸ் சர்வரில் லாக்கின் உண்மையான சொந்தக்காரர் வேறொரு மெஷினில் இருக்கிறார், அதனால் அங்கே பெயர் கிடைக்காது. உடனே யாராவது ஸ்கிரிப்டில் ஃபைண்ட் -ஐனம் சேர்த்துவிடுவார்கள். கோடிக்கணக்கான கோப்புகள் உள்ள வால்யூமில் ஒவ்வொரு லாக்குக்கும் முழு டைரக்டரி மரத்தையும் ஏறி இறங்கினால், டிஸ்க் வேலையோடு நிற்காது. உண்மையான பயனர்களுக்காகச் சேர்ந்திருந்த ஐனோடு கேஷும் காலியாகும். மந்தத்துக்குக் காரணம் லாக் பட்டியலா, அதை அழகாகக் காட்ட முயன்ற வரியா என்று ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

சரி, நாள் முழுக்க எதைப் பார்ப்பது? என்எஃப்எஸ் 4 என்றால் இரண்டு இடங்கள் போதும். சர்வரில் /ப்ராக்/நெட்/ஆர்பிசி/என்எஃப்எஸ்டி. அதில் ஒவ்வொரு செயலும் இதுவரை எத்தனை முறை நடந்தது என்ற எண்ணிக்கை வரிசையாக இருக்கும். நெறிமுறையில் லாக் செயலின் எண் 12, லாக் இருக்கிறதா என்று சோதிக்கும் லாக்டி 13, விடுவிக்கும் லாக்யூ 14. கிளையன்டில் /ப்ராக்/செல்ஃப்/மவுன்ட்ஸ்டாட்ஸ். அதில் ஒவ்வொரு மவுன்டுக்கும் ஒவ்வொரு செயலுக்கும் எண்ணிக்கையோடு, வரிசையில் காத்த நேரம், சர்வர் போய் வந்த நேரம், மொத்த நேரம் ஆகியவை மில்லி விநாடியில் கூட்டாக இருக்கும். இரண்டுமே வெறும் எண்கள், எந்த லாக் பட்டியலையும் தொடுவதில்லை. பதினைந்து விநாடிக்கு ஒருமுறை படித்து முந்தைய எண்ணைக் கழித்தால் வேகம் கிடைத்துவிடும். ப்ரொமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு, அதற்கு எண்களைத் திரட்டித் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரில் இவை இரண்டும் உண்டு. மவுன்ட்ஸ்டாட்ஸ் பகுதியை மட்டும் நீங்களே இயக்கிவிட வேண்டும், இயல்பில் அணைந்திருக்கும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கோப்புப் பாதையையோ ஐனோடு எண்ணையோ லேபிளாகப் போடாதீர்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு தனி எண் வரிசை முளைத்து, ஸ்டோரேஜைக் காப்பாற்றப் போய் கண்காணிப்பு சர்வரைச் சாய்த்த கதையாகிவிடும்.

இந்த எண்களில் பார்க்க வேண்டியது லாக்குக்கும் லாக்யூவுக்கும் உள்ள விகிதம். அதைப் புரிந்துகொள்ள என்எஃப்எஸ் 4-இல் காத்திருப்பு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும், பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். லாக் வேறொருவரிடம் இருந்தால் சர்வர் "இல்லை" என்று உடனே பதில் அனுப்பிவிடும். லினக்ஸ் கிளையன்ட் ஒரு விநாடி தூங்கி மறுபடி கேட்கும், அப்புறம் இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டித்து 30 விநாடிவரை போகும். இதிலிருந்து மூன்று விளைவுகள். காத்திருப்பவர் சர்வர் பட்டியலில் இருக்கவே மாட்டார், ஏனென்றால் சர்வரைப் பொறுத்தவரை அவர் கேட்டார், மறுத்தாயிற்று, கதை முடிந்தது. லாக் செயலின் சராசரி நேரம் அருமையாகவே தெரியும், ஏனென்றால் மறுப்பும் ஒரு மில்லி விநாடியில் வந்துவிடுகிறது. லாக் விடுபட்ட பிறகும் காத்திருப்பவர் தூக்கத்தில் இருந்தால், சும்மா கிடக்கும் கோப்புக்காக இன்னும் இருபது விநாடி போகலாம். 4.1 நெறிமுறையில் லாக் கிடைக்கும்போது சர்வரே கிளையன்டை எழுப்பும் வசதி இருக்கிறது, லினக்ஸில் 4.9 கெர்னலிலிருந்து உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் அதை ஆதரிக்க வேண்டும்.

அதனால்தான் விகிதம். போட்டி இல்லாத நாளில் ஒரு லாக் கோரிக்கைக்கு ஏறத்தாழ ஒரு விடுவிப்பு இருக்கும். லாக் எண்ணிக்கை மட்டும் ஏறி லாக்யூ அப்படியே நின்றால் யாரோ மறுக்கப்பட்டு மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். எந்தப் பட்டியலையும் தொடாமல் இது தெரிந்துவிடுகிறது. எந்தக் கிளையன்ட் தட்டுகிறது என்பதை மவுன்ட்ஸ்டாட்ஸ் சொல்லிவிடும்.

விதிவிலக்குகளும் உண்டு. சர்வர் ஒரு கோப்பின் ரைட் டெலிகேஷனை (ஒவ்வொன்றுக்கும் சர்வரைக் கேட்காமல் கோப்பைக் கையாளும் தற்காலிக உரிமை) கிளையன்டிடம் கொடுத்திருந்தால், அந்தக் கோப்பின் லாக்குகளைக் கிளையன்ட் தனக்குள்ளேயே முடித்துக்கொள்ளும், சர்வருக்கு எதுவும் வராது. என்எஃப்எஸ்ஸின் பழைய பதிப்பான வி3-இல் நோலாக் (லாக்கைச் சர்வருக்கு அனுப்பாதே) என்று மவுன்ட் செய்திருந்தாலும் அப்படித்தான், ஆனால் அது ஆபத்து. இரண்டு மெஷின்கள் ஒரே கோப்பை லாக் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்கும் மவுன்டைக் கண்டால் மகிழ்வதற்கு முன் மவுன்ட் விருப்பங்களைப் பாருங்கள். எஃப்லாக் (முழுக் கோப்பையும் பூட்டும் வகை) போட்டால் சர்வரில் ஏன் பாசிக்ஸ் லாக் (கோப்பின் ஒரு பகுதியைப் பூட்டக்கூடிய பைட் ரேஞ்ச் வகை) தெரிகிறது என்று குழம்புபவர்களுக்கு: 2.6.12 கெர்னலிலிருந்து என்எஃப்எஸ் மீதான எஃப்லாக், முழுக் கோப்புக்கான பைட் ரேஞ்ச் லாக்காக மாற்றப்பட்டே சர்வருக்குப் போகிறது.

வி3 இன்னும் ஓடுகிறது என்றால் கதை வேறு. அங்கே லாக் என்பது என்எஃப்எஸ்ஸுக்கு வெளியே என்எல்எம் என்ற தனி நெறிமுறை, ஆர்பிசி எண் 100021. மேலே சொன்ன எண்ணிக்கைகளில் அது வராது. ஒரே ஆறுதல், அங்கே காத்திருப்பவரைச் சர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு லாக் கிடைத்ததும் திருப்பி அழைக்கும். அதனால் /ப்ராக்/லாக்ஸில் அம்புக்குறியோடு காத்திருப்பவர்கள் தெரிவார்கள். முடிந்தால் 4.1 அல்லது 4.2-க்கு மாறுங்கள். கண்காணிப்பு எளிதாகும் என்பது அதில் கிடைக்கும் கூடுதல் லாபம்தான், உண்மையான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

லாக்குகளைச் சராசரியாக எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிய ஒவ்வொரு லாக்கையும் பின்தொடரத் தேவையில்லை. வரிசைக் கோட்பாட்டில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் சராசரியாக இருக்கும் லாக்குகளின் எண்ணிக்கை, விநாடிக்கு எடுக்கப்படும் லாக்குகளையும் சராசரிப் பிடிப்பு நேரத்தையும் பெருக்கினால் வருவது. விநாடிக்கு 200 லாக்குகள் எடுக்கப்படுகின்றன, எப்போதாவது எடுத்துப் பார்த்த மாதிரிகளில் சராசரியாக 40 இருக்கின்றன என்றால் பிடிப்பு நேரம் 0.2 விநாடி. விகிதம் கெட்டிருக்கும் நேரத்தில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், மறுக்கப்பட்ட கோரிக்கைகளும் அந்த 200-க்குள் வந்துவிடும். மாதிரிகளைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்தால் போதும், ஆனால் நேரத்தைக் கொஞ்சம் தாறுமாறாக வையுங்கள். சரியாக நிமிடத் தொடக்கத்தில் எடுத்தால், அதே நொடியில் கிளம்பும் எல்லா கிரான் வேலைகளின் (நேரம் குறித்துத் தானாக ஓடுபவை) லாக்குகளையும் எண்ணிவிட்டு எப்போதும் கூட்டமாக இருக்கிறது என்று முடிவுக்கு வருவீர்கள்.

ஐந்து விநாடிக்கு ஒருமுறை பார்ப்பதால் உண்மையில் எதைப் பிடிக்கிறோம் என்றும் யோசியுங்கள். அரை விநாடி இருந்து போகும் லாக்கைப் பத்தில் ஒருமுறைதான் பார்ப்பீர்கள். பத்து நிமிடம் சிக்கிக் கிடக்கும் லாக்கை ஐந்து நிமிட இடைவெளியிலேயே பார்த்துவிடலாம். குறுகியவற்றுக்கு ஐந்து விநாடி போதாது, நீண்டவற்றுக்கு அது வீண்.

அடுத்தது, யார் பிடித்திருக்கிறார் என்ற கேள்வி. லினக்ஸ் 5.3-லிருந்து என்எஃப்எஸ் 4 சர்வரில் /ப்ராக்/எஃப்எஸ்/என்எஃப்எஸ்டி/கிளையன்ட்ஸ் என்ற டைரக்டரி இருக்கிறது. ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு உள் டைரக்டரி, அதில் இன்ஃபோ, ஸ்டேட்ஸ், சிடிஎல் என்று மூன்று கோப்புகள். இன்ஃபோவில் கிளையன்டின் முகவரி, நெறிமுறைப் பதிப்பு, நிலை எல்லாம் இருக்கும். ஸ்டேட்ஸில் அந்தக் கிளையன்ட் வைத்திருக்கும் ஓப்பன், லாக், டெலிகேஷன் எல்லாம் வரும். ஸ்டேட்ஸைப் படிக்கும்போது கெர்னல் பிடிப்பது அந்த ஒரு கிளையன்டின் லாக்கை மட்டும்தான், மற்றவர்களின் வேலை தடைபடாது. அதோடு கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியும் அங்கேயே வந்துவிடுகிறது, ஃபைண்ட் போடும் வேலை மிச்சம். விகிதத்தை வைத்து நேரத்தைக் கண்டுபிடியுங்கள், மவுன்ட்ஸ்டாட்ஸை வைத்துக் காத்திருப்பவரைக் கண்டுபிடியுங்கள், அவர் எந்தக் கோப்புக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு சந்தேகத்துக்குரிய சில கிளையன்ட்களின் ஸ்டேட்ஸை மட்டும் திறங்கள். என்எஃப்எஸ்-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள என்எஃப்எஸ்டிகிளன்ட்ஸ் என்ற கருவி இதையே அட்டவணையாகக் காட்டும். ஆனால் அது எல்லாக் கிளையன்ட்களையும் சுற்றி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

எஸ்எம்பி பக்கம் லினக்ஸில் ஓடும் எஸ்எம்பி சர்வரான சாம்பா இருந்தால், எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளை அதன் லாக் விவரங்கள் இருக்கும் லாக்கிங் டிடிபி கோப்பு முழுவதையும் கடந்து வரும். அதோடு ஒவ்வொரு பதிவுக்கும் உரிய ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா என்றும் சரிபார்க்கும். ஃபாஸ்ட் என்ற விருப்பம் அந்தச் சரிபார்ப்பை விட்டுவிடும். செத்துப்போன சில பதிவுகள் கலந்து வரலாம், கண்காணிப்புக்கு அது பரவாயில்லை. பைட் ரேஞ்ச் லாக்குகள் வேண்டுமென்றால் தனி விருப்பம் உண்டு, அதைத் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். விண்டோஸ் சர்வரில் கெட்-எஸ்எம்பிஓப்பன்ஃபைல் தேவைப்படும்போது மட்டும். நாள் முழுக்க, பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்களில் எஸ்எம்பி சர்வர் ஷேர்ஸ் குழுவில் உள்ள திறந்த கோப்புகளின் எண்ணிக்கையே போதும். ஓப்பன்ஃபைல்ஸ் கட்டளையில் லோக்கல் ஆன் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் மெஷினையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், வேகமும் குறையலாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. ஷேர் வழியாகத் திறந்த கோப்புகளைப் பார்க்க அது தேவையே இல்லை. நெட்ஆப் போன்ற ஸ்டோரேஜ் பெட்டிகளில் வீசர்வர் லாக்ஸ் ஷோ கட்டளைக்கு வால்யூமையோ பாதையையோ கொடுத்துக் கேளுங்கள். வடிகட்டாமல் கேட்டால் பெட்டியும் வருந்தும், நீங்களும் வருந்துவீர்கள்.

எஸ்எம்பியில் இன்னொரு வகைத் தாமதம் உண்டு. அது லாக்கே இல்லை, ஆனால் லாக் போலவே வலிக்கும். ஒரு கிளையன்டிடம் ஆப்லாக்கோ லீஸோ (கோப்பைத் தன்னிடமே கேஷ் செய்துகொள்ள சர்வர் தரும் அனுமதி) இருக்கும் கோப்பை வேறொருவர் திறந்தால், சர்வர் முதலாமவரிடம் அதை விடச் சொல்லி பதிலுக்குக் காத்திருக்கும். அவர் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸில் இயல்பாக 35 விநாடிவரை இரண்டாமவர் நிற்பார். லினக்ஸ் கெர்னலின் லீஸ்களுக்கு இதே கணக்கு இயல்பில் 45 விநாடி. பயனர்களின் புகாரில் 35 அல்லது 45 விநாடியை ஒட்டிய ஒரே அளவுத் தாமதம் திரும்பத் திரும்ப வந்தால், லாக் பட்டியலில் தேடாமல் இதைத் தேடுங்கள்.

இதனால்தான், கோப்பைத் திறந்து பார்த்து லாக் ஆகியிருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட்களை நான் கடுமையாக எதிர்க்கிறேன். திறப்பதே லீஸை உடைக்கும், டெலிகேஷனைத் திரும்ப வாங்க வைக்கும். நன்றாகக் கேஷில் ஓடிக்கொண்டிருந்த கிளையன்ட் அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் சர்வருக்கு வர வேண்டும். எஸ்எம்பியில் ஷேர் மோடு (மற்றவர்களும் திறக்கலாமா என்ற குறிப்பு) தவறாகக் கொடுத்துத் திறந்தால், பயன்பாடு வந்து திறக்கும்போது பிழை வாங்குவதும் உங்களால்தான். லாக் சேவை உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதே வால்யூமில் யாரும் தொடாத ஒரு சிறு கோப்பை உருவாக்குங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் காத்திருக்காத முறையில் லாக் செய்து, உடனே விடுவித்து, ஆன நேரத்தைப் பதியுங்கள்.

குறுகிய லாக்குகளின் போட்டியை ஆழமாகப் பார்க்க வேண்டிய நாள் வரும்போது டிரேஸ்பாயின்ட்கள் (கெர்னலுக்குள் நடப்பதைக் கவனிக்க அதிலேயே வைத்திருக்கும் புள்ளிகள்) இருக்கின்றன. சர்வரில் ஃபைல்லாக் என்ற குழு, கிளையன்டில் என்எஃப்எஸ்4 குழுவில் லாக் எடுப்பது, விடுவது ஆகியவற்றுக்கான புள்ளிகள். பிபிஎஃப்டிரேஸ் என்ற கருவியில் ஒவ்வொரு நிகழ்வையும் அச்சிடாமல் கெர்னலுக்குள்ளேயே ஐனோடு வாரியாகக் கூட்டி, பத்து விநாடிக்கு ஒருமுறை முதல் இருபதை மட்டும் வெளியே எடுத்தால் சுமை மிகக் குறைவு. பயன்பாட்டின் காத்திருப்பு நேரத்தை அறிய எஸ்டிரேஸ் போடாதீர்கள், அது ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் ப்ராசஸை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. பயன்பாடு உங்கள் கையில் இருந்தால் லாக் கேட்ட நேரத்தையும் கிடைத்த நேரத்தையும் அதுவே பதிவதைவிடச் சிறந்த வழி எதுவுமில்லை. பாக்கெட் பிடித்துப் பார்ப்பதும் ஒரு வழிதான், ஸ்விட்சின் மிரர் போர்ட்டில் (பாக்கெட்களின் நகல் வரும் போர்ட்) செய்தால் ஸ்டோரேஜுக்குச் சுமையே இல்லை. ஆனால் கெர்பரோஸ் பிரைவசியோ டிஎல்எஸ்ஸோ எஸ்எம்பி 3 குறியாக்கமோ இருந்தால் உள்ளே எதுவும் தெரியாது. கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் லினக்ஸ் வசதியான ஐனோட்டிஃபை உதவுமா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். உதவாது, அது லாக்குகளைப் பற்றி எதையும் சொல்வதில்லை, வேறு கிளையன்ட் செய்த மாற்றங்களும் அதற்குத் தெரியாது.

கடைசியாக, அனாதை லாக்குகள். வி3-ஐ விடச் சொன்னதற்கு உண்மையான காரணம் இதுதான். வி3-இல் லாக்கோடு செத்துப்போன கிளையன்ட் மறுபடி எழுந்து "நான் ரீபூட் ஆனேன்" என்று சொன்னால்தான் சர்வர் அதன் லாக்கை விடும். அது திரும்பி வரவே இல்லை என்றால் லாக் அப்படியே கிடக்கும். என்எஃப்எஸ் 4-இல் லீஸ் உண்டு (மேலே சொன்ன கேஷ் லீஸ் அல்ல, கிளையன்ட் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய காலக்கெடு), லினக்ஸ் சர்வரில் இயல்பு 90 விநாடி. அதற்குள் புதுப்பிக்காத கிளையன்டின் லாக்குகள் போய்விடும். 5.19 கெர்னலிலிருந்து ஒரு சிறு மாற்றம்: லீஸ் முடிந்தவரை உடனே துரத்தாமல், வேறு யாரும் அதே கோப்பைக் கேட்காதவரை ஒரு நாள்வரை வைத்திருக்கும். இன்ஃபோவில் அவரது நிலை கர்டசி என்று தெரியும், கடைசியாகப் புதுப்பித்து எத்தனை விநாடி ஆயிற்று என்பதும் தெரியும். இவர்களுக்காக அலாரம் அடிக்க வேண்டாம், யாராவது மோதினால் தானாக விலகிவிடுவார்கள்.

உயிரோடு, லீஸைப் புதுப்பித்துக்கொண்டே, லாக்கை விடாமல் வைத்திருப்பவரை என்ன செய்வது? சிடிஎல் கோப்பில் எக்ஸ்பயர் என்று எழுதினால் சர்வர் அவரை வெளியேற்றும். ஆனால் போவது அந்த ஒரு லாக் மட்டுமல்ல, அந்தக் கிளையன்டின் எல்லா ஓப்பன்களும் எல்லா லாக்குகளும் போகும். லினக்ஸ் கிளையன்ட் இழந்த லாக்குகளை இயல்பில் திரும்ப எடுக்காது, அந்தக் கோப்பில் அடுத்து எழுத வரும் பயன்பாட்டுக்கு ஐஓ பிழைதான் கிடைக்கும். அதனால் முதலில் ஸ்டேட்ஸைப் படித்து அவர் வேறு என்னென்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். முடிந்தால் அந்த மெஷினுக்குள் போய், லாக் வைத்திருக்கும் ப்ராசஸை மட்டும் நிறுத்துங்கள். அங்கே /ப்ராக்/லாக்ஸ் சரியான ப்ராசஸ் எண்ணைக் காட்டும், ஒரு கிளையன்டின் பட்டியல் என்பதால் படிப்பதில் சுமையும் இருக்காது.